பழைய காரின் ஸ்டியரிங் வீலை வீட்டிலேயே மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சித்திரை மாதம் மதியம் இரண்டு மணிக்கு வெயிலில் நின்ற வண்டியை எடுத்தால் ஸ்டியரிங் வீல் சுடத்தான் செய்யும். எங்கள் மாருதி 800-ல் அது கையில் ஒட்டவும் ஆரம்பித்தது. மார்க்கெட் போய்விட்டு வந்து இறங்கினால் இரண்டு உள்ளங்கையிலும் கருப்பு. அப்பா 2001-ல் வாங்கிய வண்டி, வீலும் அதே வயது. மேலே கவர் போட்டுப் பார்த்தோம். கொஞ்ச நாளில் கவருக்குள்ளேயே வீல் வழுக்கியது. ஒரு வளைவில் நான் திருப்பியது கவரைத்தான், வீல் அரை நொடி கழித்துத்தான் திரும்பியது. அன்றைக்கே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

இது ஏன் வருகிறது என்றால், வீலுக்குள் இருப்பது ஓர் உலோக வளையம். அதன்மேல் வார்த்திருப்பது பாலியூரித்தேன் நுரை. வெயிலும் ஈரக்காற்றும் கை வியர்வையும் சேர்ந்து பல வருடத்தில் அந்த நுரையை இளக்கிவிடும். பெட்ரோலோ தின்னரோ போட்டுத் துடைத்தால் ஒரு நாள் சுத்தமாகத் தெரியும், பிறகு இன்னும் மோசமாக ஒட்டும். அந்த நிலைக்குப் போன வீலைக் காப்பாற்ற முடியாது.

மாற்றுவது கடினமான வேலை இல்லை. நிதானமாகச் செய்தால் இரண்டு மணி நேரம். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: அந்த வீலை ஷாஃப்டோடு, அதாவது வீலில் இருந்து கீழே போகும் தண்டோடு, பிடித்து வைத்திருப்பது ஒரே ஒரு நட்டுதான். ஓடும் வண்டியில் அது கழன்றால் வேறு எதுவும் உங்களைக் காப்பாற்றாது. அதனால் நட்டைச் சுற்றிய வேலைகளை விரிவாகச் சொல்கிறேன், மற்றவற்றைச் சுருக்கமாக.

ஏர்பேக் இருந்தால் இங்கேயே நிறுத்துங்கள்

வீலின் நடுவில் ஏர்பேக் என்றோ எஸ்ஆர்எஸ் என்றோ எழுதியிருக்கிறதா பாருங்கள். சாவி போட்டதும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்றும் பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் இந்த வேலை வீட்டு வேலை இல்லை. இந்தியாவில் 2019 ஜூலை 1-க்குப் பிறகு வந்த எல்லாப் புதுக் கார்களிலும் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். அதற்கு முன்பே நிறைய வண்டிகளில் அது இருந்தது.

ஏர்பேக் பை விரிய எடுத்துக்கொள்ளும் நேரம் சுமார் 30 மில்லி செகண்ட். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அதைத் தூண்டுவது ஒரு சிறிய வெடிமருந்து. பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதன் கன்ட்ரோல் பெட்டிக்குள் கொஞ்ச நேரம் மின்சாரம் தேங்கி நிற்கும். போதாததற்கு, வீலுக்குப் பின்னால் கிளாக் ஸ்பிரிங் என்று ஒரு பாகம் உண்டு. கடிகாரச் சுருள்போல் சுற்றிய தட்டையான வயர் அது. வீலைக் கழற்றி வைத்திருக்கும்போது அது தெரியாமல் சுற்றிவிட்டால், மாட்டிய பிறகு ஏதாவது ஒரு திருப்பத்தில் அறுந்துவிடும். ஹார்ன் போகும், ஏர்பேக்கும் போகும். இதைச் சர்வீஸ் சென்டரில் கொடுத்துச் செய்வதுதான் சரி. ஏர்பேக் வீலைக் கழற்றிப் போட்டுவிட்டு அழகான ஸ்போர்ட்ஸ் வீல் மாட்டுகிறவர்களையும் பார்க்கிறேன். உயிரைக் காக்கும் ஒரு பொருளைக் காசு கொடுத்துக் கழற்றுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

இனி சொல்வதெல்லாம் ஏர்பேக் இல்லாத பழைய வண்டிகளுக்கு மட்டும்.

வீல் வாங்குவது

கம்பெனி வீலே கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. மாருதி 800 உற்பத்தி 2014 தொடக்கத்தில் நின்றுவிட்டாலும், 1983 முடிவில் இருந்து முப்பது வருடம் ஓடிய மாடல் என்பதால் உதிரி பாகங்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. சென்னையில் இருப்பவர்கள் புதிய சாமானுக்கு ஜி.பி. ரோடு, பழைய சாமானுக்குப் புதுப்பேட்டை என்று போவார்கள்.

பழைய வீல் வாங்கினால் முகத்தைப் பார்த்து வாங்காதீர்கள், முதுகைப் பாருங்கள். நடுத் துளைக்குள் வரிவரியாகப் பல் இருக்கும், அதை ஸ்ப்ளைன் என்பார்கள். விரலை உள்ளே விட்டுச் சுற்றுங்கள். ஒவ்வொரு பல்லும் கூர்மையாகத் தட்டுப்பட வேண்டும். எங்காவது மொழுக்கென்று இருந்தால் அந்த வீல் வேண்டாம். அடுத்தது, வீலைத் தட்டையான தரையிலோ கடைக்காரரின் கண்ணாடி மேசையிலோ கவிழ்த்து வையுங்கள். விளிம்பு முழுவதும் படிந்தால் சரி. ஒரு பக்கம் தூக்கினால் அது விபத்தில் டிரைவரின் நெஞ்சு மோதி வளைந்த வீலாக இருக்கலாம். ஸ்போக்கில், அதாவது நடுப்பகுதியையும் விளிம்பையும் இணைக்கும் கையில், வெல்டிங் தடம் தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

ஒரே வண்டியிலும் வருடத்துக்கு வருடம் வீல் மாறியிருக்கும். நான் பழைய வீலை முதலில் கழற்றி, துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில்தான் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டையும் முதுகோடு முதுகு வைத்து, பல், ஹார்ன் வளையம், இண்டிகேட்டரைத் தட்டும் பகுதி மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக் கொடுத்தார். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

கையில் இருக்க வேண்டியவை

பேட்டரி டெர்மினலுக்கு 10 எம்எம் ஸ்பேனர். வீல் நட்டுக்குச் சாக்கெட், நீளமான கைப்பிடி. எங்கள் வண்டியில் 17 எம்எம் சாக்கெட் பொருந்தியது. மற்ற வண்டிகளில் 19, 21, 22 என்று வரும், வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சிறிய எக்ஸ்டென்ஷன், தட்டை ஸ்க்ரூ டிரைவர், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், கம்பி பிரஷ், கொஞ்சம் கிரீஸ், குறி போட வெள்ளை நெயில் பாலிஷ். வீலை இழுத்துக் கழற்றும் ஸ்டியரிங் புல்லர் ஒன்றும், எவ்வளவு பலத்தில் இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்றும் இருந்தால் மிக நல்லது. இந்த இரண்டும் பக்கத்து மெக்கானிக்கிடம் ஒரு மணி நேரத்துக்குக் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார். கூட ஓர் ஆள் வேண்டும், வீலைப் பிடித்துக்கொள்ள.

நேராக நிறுத்துவது

வேலையில் பாதி இதுதான். பலரும் அவசரத்தில் விட்டுவிடுவதும் இதைத்தான்.

சமதளத்தில் வண்டியை மெதுவாக நேராக ஓட்டி வந்து, வீலைத் திருப்பாமல் அப்படியே நிறுத்துங்கள். இறங்கி முன் சக்கரங்களைப் பாருங்கள், இரண்டும் நேராக இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள். இப்போது வீலின் ஸ்போக் எப்படி நிற்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சாவியை எடுத்துவிட்டால் ஸ்டியரிங் லாக் விழும். அதை நம்பி நட்டைக் கழற்றாதீர்கள். லாக் என்பது திருடனுக்காக வைத்த சின்ன உலோகக் கட்டை. நட்டைக் கழற்றும் பலத்தை அதன்மேல் ஏற்றினால் முறிந்துவிடும், அதன்பிறகு லாக் செட்டையே மாற்ற வேண்டியிருக்கும். சாவியைப் போட்டு லாக்கை விடுவித்து வையுங்கள். வீலை ஆள்தான் பிடிக்க வேண்டும்.

பானெட்டைத் திறந்து பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். கழற்றாமல் செய்தால் ஹார்ன் தெருவையே எழுப்பும், ஷார்ட் ஆகி ஃபியூஸும் போகலாம்.

ஹார்ன் பேடும் நட்டும்

வீலின் நடு மூடிதான் ஹார்ன் பேட். சில வீல்களில் இரண்டு கையாலும் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். சிலவற்றில் ஸ்போக்கின் பின்பக்கம் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்ற வேண்டும். இழுத்து வரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள், பின்னால் விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். மூடி வந்ததும் அதன் வயரை மெதுவாகப் பிடுங்கி, எந்த முனையில் இருந்தது என்று போட்டோ எடுங்கள்.

உள்ளே நட்டும் ஷாஃப்டின் நுனியும் தெரியும். நெயில் பாலிஷால் ஷாஃப்ட் நுனியில் இருந்து வீலின் நடுப்பகுதி வரை ஒரே நேர்க்கோடு போடுங்கள். காய்வதற்கு ஐந்து நிமிடம் விடுங்கள். இந்தக் கோடுதான் பிறகு வழிகாட்டப் போகிறது.

கூட இருப்பவர் வீலை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்க, சாக்கெட்டை முழுதாக உட்காரவைத்து நட்டை இடப்பக்கம் திருப்புங்கள். முதல் அசைவு டக்கென்று வரும். அதன்பிறகு கையாலேயே சுற்றலாம்.

நட்டை முழுதாக எடுத்துவிடாதீர்கள். ஷாஃப்டில் நாலைந்து மரை (திருகு வரி) பிடித்தபடியே விட்டுவையுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் தடவை நான் நட்டை எடுத்து டேஷ்போர்டில் வைத்துவிட்டுத்தான் வீலை இழுத்தேன். பத்து நிமிடம் அசையாமல் இருந்தது ஒரே நொடியில் கழன்று நேராக என் வாயில் மோதியது. மேல் உதடு கிழிந்து இரண்டு தையல். நட்டு இருந்திருந்தால் வீல் கழன்றாலும் அரை அங்குலத்தில் நின்றிருக்கும்.

வீலை இழுப்பது

புல்லர் இருந்தால் வீலின் நடுவில் உள்ள இரண்டு மரைத் துளைகளில் அதன் போல்ட்டுகளை மாட்டி, நடு ஸ்க்ரூவை ஷாஃப்ட் நுனியில் உட்காரவைத்து மெல்ல முறுக்குங்கள். ‘டொப்’ என்ற சத்தத்தோடு வீல் விடுபடும். புல்லர் இல்லை என்றால் பல் இடுக்கில் துருவை இளக்கும் டபிள்யூடி-40 ஸ்ப்ரே கொஞ்சம் அடித்துப் பத்து நிமிடம் விட்டு, சீட்டில் நேராக உட்கார்ந்து, வலப்பக்கம் ஓர் இழுப்பு, இடப்பக்கம் ஓர் இழுப்பு என்று மாற்றி மாற்றி ஆட்டுங்கள். பெரும்பாலும் வந்துவிடும்.

சுத்தியல் மட்டும் வேண்டாம். ஷாஃப்ட் நுனியில் அடித்தால் வீல் சீக்கிரம் கழலும் என்பது உண்மைதான். ஆனால் பல வண்டிகளில் அந்த ஷாஃப்ட் மோதலில் உள்ளே மடங்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. டிரைவர் நெஞ்சில் அது குத்தாமல் இருப்பதற்காக, இரண்டு துண்டுகளைச் சிறிய பிளாஸ்டிக் முளைகளால் கோத்திருப்பார்கள். சுத்தியல் அடியில் அந்த முளைகள் நொறுங்கினால் வெளியே ஒன்றும் தெரியாது.

எங்கள் வண்டியில் யாரோ முன்பு அடித்திருந்தார்கள். ஷாஃப்டின் நுனி காளான் தலைபோல விரிந்து, கடைசி இரண்டு மரை நசுங்கியிருந்தது. நட்டு வெளியே வரும்போதே கரகரவென்றது. அந்த மரையோடு புது நட்டை முறுக்கியிருந்தால் இறுகியதுபோலத் தெரியுமே தவிர உண்மையில் இறுகியிருக்காது. எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் டை என்ற மரை வெட்டும் கருவியைக் கொண்டுவந்து மரையைச் சீராக்கிக் கொடுத்தார். பதினைந்து நிமிட வேலை. உங்கள் ஷாஃப்டிலும் நட்டு விரலால் தடையில்லாமல் ஓடவில்லை என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

வீல் தளர்ந்ததும் நட்டை எடுத்துவிட்டு வீலை வெளியே இழுங்கள். இந்த நேரத்தில் ஷாஃப்டைத் திருப்பாதீர்கள்.

வீலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது

இப்போது தெரிகிற பகுதியை ஒரு நிமிடம் நிதானமாகப் பாருங்கள், பிறகு குழப்பமே வராது. ஸ்விட்ச் செட்டில் ஸ்பிரிங் வைத்த ஒரு சிறிய முனை நீட்டிக்கொண்டிருக்கும். வீலின் முதுகில் ஒரு பித்தளை வளையம். வீல் எவ்வளவு சுற்றினாலும் அந்த முனை வளையத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் பேடை அழுத்தும்போது இந்த வழியாகத்தான் ஹார்னுக்குத் தொடர்பு கிடைக்கிறது. பழைய வண்டிகளில் ஹார்ன் விட்டுவிட்டு அடிப்பதற்குப் பெரும்பாலும் இந்த வளையத்தில் படிந்த கருப்புதான் காரணம். புது வீலின் வளையத்தை மெல்லிய உப்புத்தாளால் ஒரு தடவை தேய்த்து, கடுகளவு கிரீஸ் தடவுங்கள். ஸ்பிரிங் முனை அமுக்கினால் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும்.

அதே முதுகில் சிறிய மேடு ஒன்றோ இரண்டோ இருக்கும். திரும்பி முடித்து வீலை நேராக்கும்போது இண்டிகேட்டரைத் தானாக அணைப்பது இதுதான். வீலைத் தவறான கோணத்தில் மாட்டினால் ஒரு பக்கம் சீக்கிரமே அணையும், மறுபக்கம் அணையாமலே ஓடும்.

ஷாஃப்டின் பல்லைக் கம்பி பிரஷால் தேய்த்து, துருவைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

புது வீலை உட்காரவைப்பது

ஷாஃப்டில் நீங்கள் போட்ட கோடு அப்படியே இருக்கும். பழைய வீலில் அந்தக் கோடு ஸ்போக்குக்கு எந்த இடத்தில் இருந்ததோ, புது வீலிலும் அதே இடத்தில் வருமாறு வைத்து, இண்டிகேட்டர் தண்டு நடுவில் இருப்பதை உறுதிசெய்து, வீலைப் பல்லில் பொருத்துங்கள். இன்னும் நட்டை இறுக்க வேண்டாம். சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து பாருங்கள். வீல் கொஞ்சம் சாய்ந்திருந்தால் எடுத்து ஒரு பல் தள்ளி வையுங்கள். 36 பல் உள்ள ஷாஃப்ட் என்றால் ஒரு பல் என்பது 10 டிகிரி, கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

பழைய வீலே கோணலாக இருந்த வண்டி என்றால்? வீலைப் பல் மாற்றி வைத்து நேராக்கிவிடலாம் என்று தோன்றும். அதற்கு முன் ஒரு சோதனை: வீலை இடப்பக்கம் முழுதாக ஒடித்து, அங்கிருந்து வலப்பக்கம் கடைசி வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். மூன்றரைச் சுற்று வந்தால், ஒன்றேமுக்கால் சுற்றில் இருப்பதுதான் நடு. அந்த நடுவில் வீல் நேராக இருந்து, ஆனால் வண்டி நேராக ஓடும்போது மட்டும் வீல் சாய்கிறது என்றால், கோளாறு வீலில் இல்லை. கீழே சக்கரங்களைத் திருப்பும் டை ராடு என்ற கம்பி இரண்டு பக்கமும் சமமாக இல்லை. அலைன்மென்ட் கடையில் அதைச் சரிசெய்தால் வீல் தானாக நேராகும். வீலைப் பல் மாற்றி வைத்து மறைத்தால் ஒரு பக்கம் வண்டி அதிகம் ஒடியும், மறுபக்கம் குறைவாக ஒடியும், இண்டிகேட்டரும் சொன்னபடி கேட்காது.

நட்டை இறுக்குவது

வாஷர் இருந்தால் அதைப் போட மறக்காதீர்கள். நட்டைக் கையால் தொடங்குங்கள். முதல் மூன்று சுற்று விரலாலேயே போக வேண்டும். சாய்ந்து பிடித்தால் உடனே எடுத்து மறுபடி தொடங்குங்கள். சில கம்பெனிகள் ஒவ்வொரு முறையும் புது நட்டுதான் போட வேண்டும் என்கின்றன, உங்கள் வண்டியின் மேனுவல் அப்படிச் சொன்னால் வாங்கிப் போடுங்கள். அதிக விலை இல்லை.

எவ்வளவு இறுக்குவது என்பதும் மேனுவலில் இருக்கும். சுசூகியின் பழைய சிறிய வண்டிகளுக்கு 25 முதல் 40 நியூட்டன் மீட்டர் என்பது வழக்கம். நான் 33-ல் டார்க் ரெஞ்சை வைத்தேன். இந்த எண்ணைக் கையால் உணர வேண்டுமானால், 25 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் சுமார் 13 கிலோ எடை தொங்குகிற அளவு பலம் அது. உடம்பை முழுதாகச் சாய்த்து முறுக்குகிற பலம் இல்லை. அதிகமாக முறுக்கினால் மரை இழுபட்டுப் பின்னாளில் விட்டுக்கொடுக்கும். இறுக்கும்போதும் வீலை ஆள் பிடிக்க வேண்டும், லாக் அல்ல.

இறுகியதும் நட்டின் மேலிருந்து ஷாஃப்ட் நுனி வரை நெயில் பாலிஷால் ஒரு புதுக் கோடு போடுங்கள். நட்டு அசைந்தால் இந்தக் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

ஹார்ன் வயரை மாட்டி, பேடை இப்போதைக்கு லேசாக மட்டும் வைத்து, பேட்டரியை இணையுங்கள்.

ரோட்டுக்குப் போகும் முன்

நின்ற இடத்திலேயே வீலை உங்கள் பக்கம் இழுங்கள், தள்ளுங்கள், மேலும் கீழும் ஆட்டுங்கள். வீலுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் கடுகளவு ஆட்டம்கூட இருக்கக் கூடாது. ஹார்னை நேராக வைத்தும் அடியுங்கள், இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்தும் அடியுங்கள். திருப்பும்போது தானாக அடித்தால் வளையத்தில் ஏதோ உரசுகிறது. வலது இண்டிகேட்டர் போட்டுத் திருப்பி நேராக்குங்கள், அப்புறம் இடது. இரண்டும் அணைய வேண்டும். சாவியை எடுத்துப் பார்த்து, லாக் விழுகிறதா, சாவி போட்டதும் விடுபடுகிறதா என்றும் பாருங்கள்.

எல்லாம் சரி என்றால் பேடை முழுதாக மாட்டிவிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். நேர் ரோட்டில் பிடியைத் தளர்த்தி ஸ்போக் எப்படி நிற்கிறது என்று பாருங்கள்.

ஸ்போர்ட்ஸ் வீல் ஆசைப்படுபவர்களுக்கு

வெளி வீல் மாட்ட உங்கள் வண்டிக்கென்றே உள்ள பாஸ் கிட் வேண்டும். அதன் ஒரு பக்கம் ஷாஃப்டின் பல்லுக்கும், மறுபக்கம் வீலின் ஆறு போல்ட்டுக்கும் பொருந்த வேண்டும். மோமோ, ஸ்பார்கோ வீல்களில் அந்த ஆறு துளைகள் 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் இருக்கும், நார்டியில் 74. நாலு மில்லிமீட்டர்தானே என்று துளையை அரத்தால் தேய்த்துப் பெரிதாக்கிக் கொடுக்கிற கடைகள் உண்டு. அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இன்னொன்று, பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் வீல் சிறுத்தால் கை பலம் கூட வேண்டும். 380 மில்லிமீட்டர் வீலை எடுத்துவிட்டு 330 மாட்டினால் சுமார் 15 சதவீதம் அதிகம் இழுக்க வேண்டியிருக்கும். ஓடும்போது பெரிதாகத் தெரியாது. பார்க்கிங்கில் ஒடிக்கும்போது தெரியும், அதுவும் வண்டியை ஓட்டுபவர் வயதானவராக இருந்தால் நன்றாகவே தெரியும். எங்கள் வண்டியை இன்னும் அப்பாதான் காலையில் எடுக்கிறார். அதனால் நான் கம்பெனி அளவிலேயே நின்றுவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து

சுமார் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஹார்ன் பேடை மறுபடி எடுத்து நட்டைப் பாருங்கள். பல் நன்றாகப் படிந்து உட்காரும்போது நட்டு கொஞ்சம் தளர வாய்ப்பு உண்டு. கோடு உடைந்திருந்தால் அதே அளவுக்கு இறுக்கி, பழைய கோட்டைச் சுரண்டிவிட்டுப் புதுக் கோடு போட்டு, இன்னொரு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். இரண்டாவது முறையும் உடைந்திருந்தால் மரையிலோ பல்லிலோ கோளாறு. வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

எங்கள் வண்டியில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளைக் கோடு நட்டின் விளிம்பில் ஆரம்பித்து ஷாஃப்ட் நுனி வரை முறியாமல் இருந்தது. பேடை அமுக்கி மூடிவிட்டுச் சாவியை அப்பாவிடம் கொடுத்தேன்.